நாலு பேருக்கான மேசை

மூன்றாவது தட்டைச் செய்தித்தாளிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தபோது டெல்பர்ட்டின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தட்டைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் போனை எடுத்துப் பார்த்தார். விதைக் கம்பெனியின் விளம்பரம். பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"போட்டி நாற்காலிப்பா அது, சாயாத," என்றாள் அடுத்த மேசையிலிருந்து ஓபல். "வெர்னா எப்படி இருக்கா?"

"இருக்கா."

அதற்கு மேல் சொன்னால் ஏதாவது நடந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

மாவட்டக் கண்காட்சியின் மேசை அலங்காரப் போட்டிக்குப் பத்துக்கு மணி அடிப்பார்கள். அப்புறம் யார் கையும் மேசையில் படக்கூடாது. இப்போது ஒன்பதே கால். பக்கத்துக் கொட்டகையில் பன்றிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டு மைல் தள்ளி, வீட்டின் முன்னறையில் போட்ட கட்டிலில் அவர் மனைவி வெர்னா கிடந்தாள். நேற்று மாலையிலிருந்து அவள் மூச்சு நடுநடுவே நின்று நின்று வந்தது. இன்றோ நாளையோ என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மகள் ஜெனெல் பக்கத்தில் இருந்தாள். இருக்க வேண்டிய ஆள் இங்கே தட்டு துடைத்துக்கொண்டிருந்தார்.

அனுப்பியதே வெர்னாதான். காலையில் கண்ணைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்: "நீ பக்கத்துல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துட்டிருந்தா எனக்குச் சாகக்கூடக் கூச்சமா இருக்கு, டெல். போய் மேசையப் போடு."

அவர் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். பாதி வழியில்தான் அது வேடிக்கைப் பேச்சில்லை என்று உறைத்தது. ஓரமாக நிறுத்திவிட்டு, முன்னே போகவா, திரும்பவா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். வெர்னாவின் இருக்கையில் கண்ணாடிப் பாத்திரப் பெட்டி பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாற்பத்தெட்டு வருஷமாக அவள் சொன்னதைச் செய்தே பழகிய மனுஷன், அன்றைக்கு மட்டும் எப்படித் திரும்புவார்? போய்ச் சேர்ந்தார்.

தட்டு, கோப்பை எல்லாம் இளஞ்சிவப்புக் கண்ணாடி. முப்பதுகளின் பஞ்சகாலத்தில், ஆளை இழுப்பதற்காக ஓட்ஸ் டப்பாவுக்குள்ளும் சினிமாக் கொட்டகையிலும் சும்மா கொடுத்தது. அச்சில் அவசரமாக வார்த்த மலிவுச் சரக்கு, உற்றுப் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழி தெரியும். வெர்னாவின் அம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு தட்டு. மீதியை வெர்னா முப்பது வருஷமாகப் பழைய பொருள் கடை, ஏலம் என்று அலைந்து சேர்த்தாள். மெஷினில் கழுவினால் மங்கிப்போகும் என்று கையால்தான் கழுவுவாள். டெல்பர்ட்டைத் தொடவே விட்டதில்லை. டிராக்டர் ரிப்பேர் செய்த கை அது, அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இந்தக் கண்ணாடியை வைத்துப் பதினொரு முறை போட்டியில் கலந்துகொண்டாள். பதினொரு முறையும் இரண்டாம் பரிசின் சிவப்பு ரிப்பன். முதல் பரிசின் நீல ரிப்பனைப் பெரும்பாலும் ஓபல்தான் தட்டிக்கொண்டு போனாள்.

தட்டு மேசை விளிம்பிலிருந்து கட்டைவிரல் அகலம் தள்ளி. கத்தியின் கூர் தட்டைப் பார்த்து. வெர்னா எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்துப் பார்த்து வைத்தார். கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் அது சாசரோடு மோதிக் கிணுகிணுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார்.

"சூப் ஸ்பூன் எதுக்கு?" என்றாள் ஓபல். "உன் சமையல் அட்டையில சூப் இருக்கா? இல்லாததுக்கு ஸ்பூன் வச்சா மார்க்க வெட்டிருவாங்க."

போட்டியில் சாப்பாடு கிடையாது, என்ன பரிமாறுவதாகப் பாவனை என்று எழுதிய அட்டை மட்டும்தான்; அது ஒட்டிய உறைக்குள் இருந்தது. மேலே, 'கடைசியில் பிரி' என்று வெர்னாவின் கோணல் எழுத்து. பிரித்தார்.

வேகவைத்த பன்றித் தொடைக்கறி. சீஸ் போட்ட உருளைக்கிழங்கு. பீன்ஸ். கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. காபி.

அந்த வட்டாரத்தில் இந்த ஐந்தும் ஒன்றாக வருவது ஓரிடத்தில்தான். கல்லறையிலிருந்து திரும்பியவர்களுக்குத் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் பெண்கள் பரிமாறும் சாப்பாடு அது. இந்த வருஷப் போட்டிக்குத் தலைப்பு, 'குடும்பம் கூடும் நாள்'.

உறைக்குள் இன்னும் ஏதோ இருந்தது. இருக்கைக்கு வைக்கும் பெயர்ச் சீட்டுகள், நான்கு. டெல்பர்ட். ஜெனெல். மகன் கர்ட்டிஸ். வெர்னாவின் தங்கை ரூத்தேன். சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். உறையைத் தலைகீழாகத் தட்டியும் பார்த்தார். வெர்னா பெயரில் சீட்டு இல்லை.

ஓபல் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தாள். "அடிப்பாவி," என்றாள் மெதுவாக.

அப்போது போன் அடித்தது. இந்த முறை ஜெனெல்.

டெல்பர்ட் அதை மேசைக்குக் கீழே இருந்த காலிப் பெட்டிமேல் வைத்தார். அது பெட்டியோடு சேர்ந்து உறுமிக்கொண்டு கிடந்தது.

"எடுப்பா."

"முள்கரண்டி வைக்கணும்."

"டெல்பர்ட், எடு. நான் வேணா பேசட்டுமா?"

"தொடாத!"

அவர் போட்ட சத்தத்தில் நாலைந்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். போன் நின்றது. எடுக்காதவரை ஒன்றும் நடந்துவிடவில்லை. எடுக்காதவரை வெர்னா அந்தக் கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். கையில் இருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த தம்ளரையே மறுபடி மறுபடி துடைத்தார். போன் திரும்ப அடித்தது. ஓபல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்பது ஐம்பத்தைந்து. பெட்டியின் அடியில் துண்டு சுற்றிய பொட்டலம் ஒன்று மிச்சமிருந்தது. ஒரு தட்டு, ஒரு கோப்பை, சாசர், தம்ளர். மேலே குண்டூசி குத்திய காகிதம்: 'எப்படியும் ஒண்ணு உடைப்ப.'

அவர் ஒன்றையும் உடைக்கவில்லை. அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

துண்டைப் பிரித்தார். தன் இருக்கைக்கும் ஜெனெல் இருக்கைக்கும் நடுவில் இருந்ததை இப்படியும் அப்படியும் நகர்த்தி இடம் பண்ணினார். ஐந்தாவது தட்டை வைத்தார். கட்டைவிரலை வைத்து விளிம்பிலிருந்து தூரம் பார்த்தார்.

"என்ன பண்ற நீ?" ஓபல் பதறிப்போனாள். "நாலு பேருக்குத்தான் கணக்கு. அஞ்சு வச்சா மார்க் குறைக்க மாட்டாங்க, மொத்தமாத் தள்ளிருவாங்க! நல்லா இருக்குப்பா இந்த மேசை. இந்தத் தடவை நான் தோத்துப்போவேன்னு நெனச்சேன். பதினோரு வருஷம் அவ..."

"தள்ளட்டும்."

"அவ ஆசைப்பட்டது..."

"அவ ஆசைக்குத்தான இவ்வளவும் வச்சேன். இது என் ஆசை."

ஓபல் தன் மேசைக்குப் போய், அலங்காரக் குடுவைக்குப் பக்கத்தில் கிடந்த மிச்ச முள்கரண்டியையும் கத்தியையும் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். கண்ணைப் பார்க்கவில்லை. அவர் வாங்கி, கத்தியின் கூரை உள்பக்கம் திருப்பி வைத்தார்.

மணி அடித்தது. எல்லாரும் கையை எடுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். செய்வதற்கு வேலை இல்லாமல் போனதும் டெல்பர்ட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை குனிந்து எடுத்தார்.

"அப்பா..." என்றாள் ஜெனெல். மூக்கை உறிஞ்சும் ஒலி மட்டும் கேட்டது.

"மேசை போட்டாச்சும்மா," என்றார் அவசரமாக. "ஒண்ணுகூட உடையல. அம்மாகிட்டச் சொல்லு."

"அப்பா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"அவளுக்கும் சேத்து வச்சிருக்கேன்னு சொல்லு. எனக்குப் பக்கத்துல. திட்டுவா. பரவால்ல, சொல்லு."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யாரோ தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

"சொல்றேன்பா," என்றாள்.

இரண்டு பேருமே போனை வைக்கவில்லை. டெல்பர்ட் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். நடுவர் அம்மாள் கையில் மார்க் அட்டையோடு வந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சமையல் அட்டையை வாசித்தார். பேனா முனையால் தட்டுகளை எண்ணினார். பிறகு முதல் தட்டுக்குப் போய், மறுபடி எண்ணத் தொடங்கினார்.