ஏசம்மாளின் இரத்த மாதிரி

1996ஆம் ஆண்டு மாசியில் செட்டியார்பட்டிப் பஞ்சுக் கிடங்கு எரிந்தபோது உள்ளே இருந்தவர்கள் இருவர். கிடைத்த உடல் ஒன்று. காணாமற்போனவர்களில் சங்கிலிப்பாண்டி உறவென்று எவருமற்றவன். மற்றவன் மைக்கேல், சூசைக்கும் ஏசம்மாளுக்கும் ஒரே மகன். முகம் அழிந்த அவ்வுடலை ஸ்ரீவில்லிபுத்தூரில் எண்ணிட்ட கல்லின்கீழ்ப் புதைத்திருந்தார்கள். மகன்தான் என்று உறுதிப்பட்டால் தோண்டியெடுத்து, ராஜபாளையத்துக் கல்லறைத் தோட்டத்தில் பெயரோடு அடக்கம் செய்யலாம். ஏசம்மாள் வேண்டியது அவ்வளவே.

இரத்தம் எடுக்க வந்த நாளில் ஏட்டு சங்கரலிங்கம் விளக்கினார்.

"பிள்ளை உடம்புல பாதி தாய் குடுத்தது, பாதி தகப்பன் குடுத்தது. அதைக் கோடு கோடா படம் எடுப்பாக. செத்தவன் பல்லுல எடுத்த கோட்டுல பாதி அம்மா கோட்டோட ஒத்துப்போகணும்."

"அப்போ நானும் கை நீட்டணுமா?" என்றார் சூசை.

"வேண்டாம் அண்ணாச்சி. தகப்பன் விசயத்துல ஊரு நாலையும் பேசும். தாய் விசயத்துல யாரு சந்தேகப்பட முடியும்?"

சூசை சிரித்தார். ஊசி ஏறும்போது ஏசம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைப்பிரசவத்துக்கு அவள் வத்திராயிருப்பிலிருந்த தாய்வீடு போயிருந்தாள். வழக்கப்படி, கணவர் குழந்தையைப் பார்க்க வந்தது பதினாறாம் நாள். அதற்குள் நடந்ததை அறிந்தவர்கள் அவளும் அவள் தாயும் மட்டுமே. அவள் பெற்றது அழவேயில்லை. பிரசவ விடுதியில் அடுத்த கட்டிலிலிருந்த ஒருத்தி விட்டுப்போன ஆண்குழந்தையை, மூன்றாம் நாள், தாய் அவள் மடியில் வைத்தாள். அந்தப் பெண்ணின் ஊரும் பெயரும் தெரியாது. தாயும் இப்போது இல்லை.

நான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது.

"ஒத்துப்போகல," என்றார் சங்கரலிங்கம். "எரிஞ்சது உங்க மகன் இல்ல."

சூசை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எம் பய உசுரோட இருக்கான்."

"இருக்கான். அதனாலதான் கேக்கோம், எங்கே இருக்கான்? தீ எப்படிப் பிடிச்சுதுன்னு இனி அவன்தான் வந்து சொல்லணும்."

"ஐயா, அந்தச் சோதனை தப்பிப்போகுமா?" என்றாள் ஏசம்மாள்.

"எப்படித் தப்பும்? உங்க ரத்தம்லாம்மா."

மைக்கேல் இறந்தானா ஓடினானா என்பது பற்றி அறிக்கை அவளிடம் எதையுமே சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாலும் கல்லின்கீழ்க் கிடப்பவன் மகனாகிவிடப் போவதில்லை. ஒப்பிட வேறு இரத்தம் இல்லை. சூசைக்குச் சற்றுமுன் கிடைத்த மகனும் போவான், இருபத்திரண்டு வருடம் வளர்த்த மகனும் போவான். சொல்லாவிட்டால் மைக்கேல் தீ வைத்துவிட்டு ஓடியவன்.

உடலுக்கு உரிமை கோரவில்லை என்ற தாளை ஏட்டு நீட்டினார். சூசை எழுத்துக்கூட்டிக் கையெழுத்திட்டார். அவள் பெருவிரல் மைப்பெட்டியிலேயே நின்றது.

"வையிட்டி. எவன் பெத்த பிள்ளையோ, அவனுக்கு நாம எதுக்குக் கல்லறை தேட? பஸ்ஸு போயிரும்."

"எங்கே போக?"

"திருப்பூருக்கு. பஞ்சு வேலை தெரிஞ்ச பய வேற எங்கே போவான்?"

அவள் ரேகை வைத்தாள்.

பேருந்து நின்ற இடத்திலெல்லாம் சூசை தலையை வெளியே நீட்டி இளைஞர்களின் முகங்களைப் பார்த்தார். மதுரை தாண்டியதும் களைத்து உறங்கிப்போனார். அடுத்த நிறுத்தத்திலிருந்து ஏசம்மாள் பார்க்கத் தொடங்கினாள்.