நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் மாதம் ஒருமுறை கூடுகிற வாசகர் வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாதம் நாவல், மறுமாதம் வரலாறோ பொருளாதாரமோ. வாங்குவது ஒரே பிரதி. அது கைமாறிக் கைமாறிப் போகும். படிக்கிறவர் பக்க ஓரத்தில் தன் கருத்தை எழுதியே ஆகவேண்டும், ஆளுக்கொரு நிற மையில். சும்மா தலையாட்டிவிட்டு வடையைத் தின்றுவிட்டுப் போகிற ஜோலியெல்லாம் அங்கே நடக்காது.

கிரிகரிக்குச் சிவப்பு மை. கிள்ளானில் வீடு, வயது அறுபத்திரண்டு. வட்டத்தில் அவருக்கு நல்ல மரியாதை. போன மாதம் தோட்டத்து மக்களைப் பற்றிய நாவலைப் பேசும்போது அழுதேவிட்டார் மனுஷன்.

இந்த மாதம், ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளான வரலாறு. கடைசியாகப் படிக்கும் முறை அவருடையது. கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்து விரித்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் பெயர் வந்தது. ‘அறுபத்துநாலு குடும்பங்களும் சுயவிருப்பத்தின் பேரில் வெளியேறின’ என்றிருந்தது. ஓரத்தில் பச்சை மை, வட்டத்தில் இருக்கிற வழக்கறிஞர் புனிதாவின் கையெழுத்து: “பொய். லோரி வந்து ஏத்திட்டுப் போச்சு. எனக்கு அப்ப ஒன்பது வயசு.”

கிரிகரி புத்தகத்தைப் பட்டென்று மூடினார். அந்தத் தோட்டத்து ஆபீசில் அப்போது கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்தவர் அவர்தான். மேனேஜர் சொன்னபடி, சுயவிருப்பத்தின் பேரில் வெளியேறுகிறோம் என்கிற பாரத்தைத் தட்டச்சு செய்ததும், வீடு வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கியதும் அவரேதான். மாற்று வீட்டுக்கான பாரம் என்று சொல்லித்தான் வாங்கினார். மாற்று வீடாவது, மண்ணாங்கட்டியாவது!

வீட்டுக்குப் போய் மனைவி உர்சுலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“ரயில்ல விட்டுட்டேன்னு சொல்லிடுங்க லா,” என்றாள் அவள். “புதுசு வாங்கிக் கொடுத்திடலாம்.”

“புதுசுல அந்தப் பிள்ளை மறுபடி எழுதாதா?”

“எழுதட்டுமே. உங்க பேரா அதுல இருக்கு? முப்பது வருசம் ஆச்சு. சொல்லிட்டீங்கன்னா அப்புறம் அங்க யாரு உங்கள அங்கிள்னு கூப்பிடுவா?”

அவருக்கும் அதுதான் பயம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கிற இடம் அது ஒன்றுதான். மூன்று நாள் புத்தகத்தைத் தொடவே இல்லை. நாவலைப் படித்து அழுவதற்கு என்ன, காசா பணமா என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. நாலாம் நாள் பச்சைக்குக் கீழே சிவப்பில் எழுதினார்: “புனிதா சொல்வது உண்மை. கைநாட்டு வாங்கிய கிராணி நான். பொய் சொல்லி வாங்கினேன். கிரிகரி.”

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் புத்தகத்தை நேரே புனிதாவிடமே விரித்து நீட்டினார். அவள் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். மற்றவர்கள் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்கள். திட்டுவாள், புத்தகத்தை மூஞ்சியில் வீசுவாள், எழுந்து போய்விடுவாள் என்று அவர் என்னென்னவோ நினைத்திருந்தார்.

“எங்களது ஏழாம் நம்பர் வீடு அங்கிள்,” என்றாள். “எங்கம்மா பேரு மாரியாயி. இப்ப அவங்க இல்ல. கைநாட்டு வைக்கிறப்ப ஏதாச்சும் சொன்னாங்களா?”

எதையாவது சொல்லிவிடலாம். நம்பிவிடுவாள். கிரிகரி அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“தெரியலம்மா. நான் அன்னைக்கு யாரு மூஞ்சியையும் பாக்கல. கட்டவிரல மட்டுந்தான் பாத்தேன்.”