முகத்தில் முப்பது காக்கை

எதிர்வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் மீனுக்குக் கால் ஒட்டுவார், நாற்காலிக்குச் சிறகு ஒட்டுவார். போன மாதம், மனைவியின் செத்துப்போன அக்காவுக்கு இருந்த ஒரே போட்டோவை எடுத்து, முகத்திலிருந்து முப்பது காக்கைகள் வெடித்துப் பறக்கிற மாதிரி செய்தார். போட்டியில் முதல் பரிசு. தெருவே கைதட்டியது, நானும்தான்.

அவர் மனைவி மட்டும் கேட்டாள், "அக்கா முகம் எங்கங்க?"

"காக்காவுக்கு அடியில இருக்கும்மா."

"அப்போ காக்காவ எடுங்க."

மனிதர் தலையைச் சொறிந்தார். எல்லாவற்றையும் ஒரே படமாக்கி, பழைய போட்டோவின் மேலேயே சேமித்துத் தொலைத்திருந்தார்.

"பரிசு வாங்கின படம்டி!"

அவள் படத்தைக் கூடத்தில் மாட்டினாள். யார் வந்தாலும் விரல் வைத்துக் காட்டுகிறாள்: "இதுக்குப் பின்னாலதான் எங்கக்கா சிரிச்சிட்டிருந்தா."

அவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விடுகிறார்.