லேபிளுக்கு அடியில் மஞ்சள்

நாட்டின் பெயர் கழுத்திலிருந்து கழன்று என் உள்ளங்கையில் விழுந்தபோது அதன் அடியில் ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது, சுண்டுவிரல் நகத்தளவு, வெள்ளைப் பனியன் துணியில் யாரோ இப்போதுதான் வைத்துவிட்டுக் கையை எடுத்த மாதிரி, பிளேடைப் பிடித்திருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது, எதிரே தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் புஸ்பநாதன் என்ன அண்ணே, கையக் கிழிச்சுக்கிட்டீங்களா என்று கேட்கிறான், இல்லையப்பா என்கிறேன், பனியனை மடியில் கவிழ்த்துக்கொள்கிறேன், கவிழ்த்தாலும் அந்த மஞ்சள் கண்ணுக்குள் நிற்கிறது. இந்தப் பாலைவனத் துறைமுகத்துக் கிடங்கில் எனக்கு வேலை இதுதான், திருப்பூரிலிருந்து வருகிற பனியன்களின் கழுத்து லேபிளை நூல் தெரியாமல் பிரித்தெடுப்பது, அவனுக்கு வேலை அந்த இடத்தில் இன்னொரு நாட்டின் பெயரைத் தைப்பது, அது அவனுடைய நாட்டின் பெயர், நம் கடலுக்கு அக்கரையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரன் அவன். சரக்கை வாங்குகிற பெரிய நாடு நம் நாட்டுத் துணிக்கு வரியை ஏற்றிவிட்டதாம், அவன் நாட்டுத் துணிக்கு அவ்வளவு இல்லையாம், அதனால் நடுவழியில் இங்கே இறக்கி, பிறந்த ஊரை மாற்றி, மறுபடி கப்பலேற்றுகிறார்கள். முதல் நாள் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், எங்க தாத்தா ஒங்க ராமநாதபுரத்துப் பக்கத்துல இருந்துதான் அண்ணே கொழுந்து எடுக்கப் போனாரு, அவருக்கு ஒரு நாட்டுப் பேர ஒட்டுறதுக்கே எங்க குடும்பத்துல ரெண்டு தலமொற செத்துப் போச்சு, இந்தச் சட்டையப் பாருங்க, மிஷின ஒரு மிதி மிதிச்சா ஊர்க்காரனாயிருது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அடுத்த லேபிளைப் பிரித்தேன்.

அந்தப் பொட்டை எனக்குத் தெரியும், நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட ஒவ்வொரு தடவையும் இருளாயி புதுச் சட்டையின் காலருக்குள் அப்படித்தான் வைப்பாள், மஞ்சள் வைக்காத புதுத்துணி உடம்பில் படக்கூடாது என்பாள், சிங்கப்பூரில் ரயிலுக்குக் குழி வெட்டப் போனபோது வைத்தாள், மலேசியாவில் எண்ணெய்ப் பனைக்காட்டில் குலை அறுக்கப் போனபோது வைத்தாள், இங்கே வந்தபோதும் வைத்தாள், ஏர்போர்ட்டில் ஓர் அதிகாரி காலரைத் திருப்பிப் பார்த்து இது என்ன என்று கேட்டான், அவனுக்கு எந்தப் பாஷையில் சொல்லுவது, பெண்டாட்டி என்று மட்டும் சொன்னேன், அவனுக்கு என்ன விளங்கியதோ, போ என்று கையை ஆட்டினான். நான் பனியன் வந்த அட்டைப்பெட்டியைப் பார்க்கிறேன், எழுத்து எனக்கு நாற்பதைத் தாண்டித்தான் வந்தது, தங்குமிடத்துக் கட்டிலில் பழைய பேப்பரை விரித்துக் கூட்டிக் கூட்டிப் படித்த தமிழ், இங்கிலீசு எழுத்து முழுக்கப் பெட்டிகளின் மேலிருந்து பொறுக்கியது, அந்தப் பொறுக்கிய எழுத்தை வைத்துக் கம்பெனிப் பெயரை ஒவ்வொன்றாகக் கூட்டுகிறேன், இருளாயி கழுத்தில் தொங்குகிற அட்டையைப் போட்டோவில் பார்த்திருக்கிறேனே, அதே பெயர், அவள் திருப்பூரில் பனியன் கழுத்துக்கு லேபிள் தைக்கிறவள், அவள் தைக்கத் தைக்க நான் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வருகிற பங்குனிக்கு ஊருக்கு வந்துவிடுகிறேன், அப்புறம் பிழைப்புக்கென்று பயணப்பெட்டியைத் தூக்கமாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன், அவளுடைய பனியன் கம்பெனி வேலை நிலைத்ததால்தான் அப்படிச் சொல்ல வாய் வந்தது, வரி ஏறின நாளிலிருந்து அங்கே பாதி மிஷின்மேல் துணி போர்த்தியிருக்கிறார்கள், இங்கே எங்களுக்கு ஓவர்டைம், ஒரே வரி அவளுக்கு வேலையைக் குறைத்தது, எனக்குக் கூட்டியது. எங்கோ ரெண்டு நாடு முறைத்துக்கொள்கிறது, எங்கள் கண்மாய்ப் பாசனத்தில் மேமடைக்காரர்கள் வரப்புத் தகராறில் மடையை அடைப்பார்கள், சண்டை அவர்களுக்கு, கருகுவது கடைமடைப் பயிர், அதுதான் நினைவுக்கு வருகிறது, மனுசனை நிறுத்தி எந்த ஊர் என்று கேட்டது போதாது, இப்போது சட்டையையும் நிறுத்திக் கேட்கிறார்கள், எத்தனை தேசத்துக் கம்பிக்கூண்டு முன்னால் நின்றிருப்பேன், அங்கெல்லாம் என்னைக் கேட்ட மாதிரியே.

ஒவ்வொரு பனியன் கட்டுக்கும் மேலாக இருந்த உருப்படியில் பொட்டு, எல்லாம் சேர்த்து ஐந்து தேறியது, அதற்குள் சூப்பர்வைசர் தாமஸ்குட்டி வந்துவிட்டார், கோட்டயத்துக்காரர், நல்ல மனுசன்தான், பயந்த மனுசன், எந்தா அண்ணா இது, கறையோ என்று குனிந்து பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார், மத்தியானத் தொழுகை கழிஞ்சு செக்கிங்காரன் வரும், ஒண்ணு கண்டா போதும், லாட்டு முழுசும் திருப்பி அயக்கும், பின்னே அந்தத் திருப்பூர்க் கம்பெனிக்குப் பூட்டுதான். ஒன்றிரண்டை ஒளித்துவிடலாமா என்றான் புஸ்பநாதன், எண்ணிக்கை குறைந்தால் திருட்டு, நாம் மூன்று பேரும் உள்ளே என்றார் அவர். நான் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம் போய் இருளாயிக்குப் போன் போடுகிறேன், அவள் சாப்பாட்டு நேரம், என்னங்க இந்நேரத்துல என்று பதறுகிறாள், ஒன்றுமில்லை, உங்கள் கம்பெனியில் துணிக்கு மஞ்சள் வைக்கிறீர்களா என்கிறேன், அவள் சிரிக்கிறாள், பக்கத்தில் இருப்பவர்களிடம் என்னமோ சொல்கிறாள், அவர்களும் சிரிக்கிறார்கள், ஆமா, மொத உருப்படிக்கு வக்காம எப்புடி அனுப்புறது, வேல கொறஞ்சு போச்சுன்னு இப்பத்தான் எங்க லைன்ல எல்லாருமாச் சேந்து வக்கிறோம், போற எடத்துல போட்டுக்கிறவுகளும் நல்லாருக்கட்டும், நமக்கும் ஆர்டர் வரட்டும்னு, லேபிளுக்கு அடியில தான, அதப் பிரிச்சு யாரு பாக்கப் போறா. பிரித்துப் பார்க்கிறவன் நான்தான் என்று எப்படிச் சொல்ல, பொட்டலம் கட்டுகிற வேலை என்றுதான் அவளுக்குத் தெரியும், இனிமே வைக்காதீங்க என்கிறேன், ஏங்க, ஒங்களுக்கு யாரு சொன்னது, என்கிறாள், கம்பெனிக்காரக பாத்தா வைவாக என்கிறேன், வையட்டும், ஒங்க கழுத்துலயும் தான வச்சு அனுப்புனேன், நீங்க முழுசாத் தான இருக்கீக என்கிறாள்.

ஐந்து பனியனையும் கொண்டுபோய்க் கக்கூசுக் குழாயடியில் சோப்பைத் தேய்க்கிறேன், பதற்றத்தில் மறந்துவிட்டேன், தேய்த்த கணத்தில் மஞ்சள் ரத்தமாகிவிட்டது, மஞ்சளில் சோப்புக்காரம் பட்டால் சிவக்கும் என்று தெரியாதா எனக்கு, மஞ்சளில் சுண்ணாம்பு கரைத்த ஆரத்தித் தட்டைப் பார்த்ததில்லையா, ஐந்து பனியன்களின் கழுத்தும் அறுத்த மாதிரி சிவந்து கிடக்கிறது, பின்னால் வந்து நின்ற புஸ்பநாதன் ஐயோ அண்ணே, கல்யாண வீட்டு ஆரத்தியக் கொண்டாந்து இங்க ஊத்திட்டீங்களே என்றான், சிரிப்பா அழுகையா தெரியவில்லை, அலசு அலசு என்று அவனே குழாயைத் திறந்தான், அலச அலசச் சிவப்பு மறுபடி மஞ்சளுக்கு வந்தது, மஞ்சள் போகவில்லை. வெளியே வந்தபோது கழுத்தில் வெயில் சுட்டது, சேலை முந்தியில் பட்ட மஞ்சளை இருளாயி எப்போதும் வெயிலில்தான் போடுவாள், சோப்புக்கு அடங்காதது வெயிலுக்கு அடங்கும் என்பாள், இரும்பு ஏணியைப் பிடித்து வெறும் கண்டெய்னர் மேல் ஏறினேன், தகரம் செருப்புக்குள் சுட்டது, ஐந்து பனியன்களையும் கழுத்து மேலே பார்க்க விரித்தேன், பறக்காமல் பார்த்துக்கொண்டு நடுவில் நின்றேன்.

இந்த வெயிலை எத்தனை வருசம் ஏசியிருப்பேன், இன்றைக்கு அதைக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன், கண் இருட்டுகிறது, இது கண்டெய்னரா சிங்கப்பூர்க் குழியின் கரையா, கீழே மண் சரிகிறது, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், என் பெயரில்லை, பாஸ்போர்ட்டில் தப்பாய் ஏறின பெயர், அதற்கும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன், என் பிடரியில் என்னமோ உறுத்துகிறது, தடவிப் பார்க்கிறேன், லேபிள் மாதிரி இருக்கிறது, எந்த நாட்டுப் பெயரென்று கையால் படிக்கப் பார்க்கிறேன், எழுத்து கூடவில்லை, இருளாயி ஒரு பிளேடோடு வருகிறாள், அசையாதீங்க என்கிறாள், பிரிக்கிறாள், அடியில் என்ன இருக்கிறது சொல்லு என்கிறேன், அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள், அண்ணே அண்ணே என்று ஏணியில் பாதி ஏறி என் காலைப் பிடித்து உலுக்குகிறான் புஸ்பநாதன், பாங்கு சொல்லி முடிச்சாச்சு, எறங்குங்க. பனியன்களைப் பார்த்தேன், மஞ்சள் இருந்த இடம் வெறும் வெள்ளை, அவள் வேண்டிக்கொண்டது அவ்வளவையும் வெயில் குடித்துவிட்டது.

செக்கிங்காரன் வந்தான், புரட்டினான், தலையாட்டினான், போனான், லாட்டு கப்பலேறியது, தாமஸ்குட்டி என் தோளைத் தட்டி டீ வாங்கித் தந்தார், தந்துவிட்டு அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டார், லேபிள் பிரிக்கப் போய்த்தான் இத்தனை பாடு, அடுத்த லாட்டு முதல் லேபிள் இல்லாமலே அயக்கச் சொல்லணும் சார் என்று, அவர் சொன்னது என் காதில் விழுந்தது, டீ கையில் இருந்தது, எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை, தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

உறைத்தது இருளாயி கூப்பிட்டபோது, அவள் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது, இனிமே கழுத்துக்கு லேபிளே வேணாம்னுட்டாக, லேபிள் மிசினுக்கு மேல துணியப் போத்திட்டாக, லேபிள் தைக்கிற எங்க ஆறு பேரையும் அப்புறம் சொல்லி அனுப்புறோம்னு சொல்லிட்டாக, சொல்லி அனுப்பவா போறாக, என்றாள், நான் ம் என்றேன், ஏங்க இருக்கீகளா என்றாள், இருக்கிறேன் என்றேன், பங்குனிக்கு வர வேணாம், இன்னுங் கொஞ்ச நாளு அங்கேயே இருங்க, ஒங்களுக்காவது வேல இருக்குல்ல, என்றாள், சரி என்றேன், எனக்கு இருக்கிற வேலையும் அவளுக்குப் போன வேலையும் ஒரே துணியின் ஒரே இடம் என்று சொல்லவா.

அடுத்த லாட்டு வந்துவிட்டது, பிரிக்க ஒன்றுமில்லை, பெட்டியை உடைத்து எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள், முதல் கட்டின் மேல் பனியனை எடுத்துக் கழுத்தைத் திருப்புகிறேன், விரலால் தடவுகிறேன், பெயரும் இல்லை பொட்டும் இல்லை, எந்த ஊரிலும் பிறக்காத துணி, என்ன அண்ணே தேடுறீங்க, கொண்டாங்க என்று மிஷினிலிருந்து கை நீட்டுகிறான் புஸ்பநாதன், கையில் அவன் நாட்டு லேபிள், பொறு என்கிறேன், இடுப்புத் துண்டின் முடிச்சை அவிழ்க்கிறேன், காலையில் சோறு பொங்குகிற இடத்தில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் மடித்து எடுத்து வந்தது, எச்சில் தொட்டுக் குழைத்து, கழுத்துக்கு நடுவே, சுண்டுவிரல் நகத்தளவு வைக்கிறேன், வைத்துவிட்டுக் கையை எடுக்கிறேன், அவன் பனியனைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், தாமஸ்குட்டி நிற்கிற பக்கம் ஒருதரம் பார்க்கிறான், தன் நாட்டின் பெயரை எடுத்து அதன்மேல் வைத்து, நான்கு ஓரமும் அழுத்தித் தைக்கிறான், தைக்கட்டும், இனி அதைப் பிரித்து யார் பார்க்கப் போகிறார்கள்.