இன்னும் கொஞ்சம் பச்சை

பஞ்சு சுற்றிய குச்சியைப் பச்சைச் சாயத்தில் தொட்டு, படத்தின் அடிப்பக்கத்தில் மெல்லத் தேய்த்தான் சின்னப்பராஜ். கட்டிலில் அடுக்கிய இரண்டு தலையணைகளில் சாய்ந்திருந்த அவன் மனைவி லூர்து மேரி, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன். பாரு."

படத்தை அவள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"எங்க? வெளுப்பா இருக்குது. இன்னும் கொஞ்சம் போடுங்க."

அது நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பா யாகப்பனின் நிலம். தலைக்குள் கட்டி இருக்கிறது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவள் கேட்டது அது ஒன்றைத்தான். "எங்கப்பா நெலத்த ஒரு தடவ பாக்கணுங்க." எழுந்து உட்கார்ந்தாலே வாந்தி எடுக்கிறவளை எப்படிப் பஸ் ஏற்றுவது? அவனே கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்ப் படம் பிடித்து வந்தான்.

மழை ஏமாற்றிய இரண்டாவது வருஷம் அது. வரப்பில் ஒரு வேப்பமரம், நடுவே கல் கட்டிய கிணறு, தூரத்தில் மலை. மற்றதெல்லாம் வெடித்துப் போன மண். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த வெடிப்புகள் இன்னும் ஆழமாகத் தெரிந்தன. பிரிண்டைக் கையில் வாங்கியதும், "கலர் போடுங்க. எனக்குத்தான் கை நடுங்குதே" என்றாள்.

அவர்களுடைய அதியமான்கோட்டை ஸ்டுடியோவில் படம் எடுப்பது அவன் வேலை, கலர் போடுவது அவள் வேலை. ஒகேனக்கல் அருவிப் படங்களை அங்கே கடைக்காரர்கள் கட்டுக் கட்டாக வாங்குவார்கள். அவள் பாறையில் ஊதாவும் தண்ணீரில் நீலமும் அப்பி வைப்பாள். அவன் பஞ்சை எடுத்துத் துடைத்து மங்க வைப்பான். அதற்காகவே இருவருக்கும் சண்டை வரும்.

"காவேரி எங்கடி இப்படி நீலமா ஓடுது? நேர்ல பாத்தவன் சிரிப்பான்."

"பஸ் ஏறி வந்து பாத்துட்டுப் போறவங்க, வூட்டுல மாட்டறதுக்குச் சேத்துத் தண்ணியவா வாங்குவாங்க? போங்க அப்பால."

இப்போதும் அவன் கை, பழக்கத்தில், போட்ட பச்சையைத் துடைக்கத்தான் போனது. அடக்கிக்கொண்டு இன்னொரு பூச்சு கொடுத்தான்.

"இப்ப?"

"பத்தல."

மறுபடி போட்டான். வெடிப்புகள் மறைந்தன. நிலம் பாசி பிடித்த குளம் போல ஆகிவிட்டது. அவனுக்கு எரிச்சல் வந்தது. "இதுக்கு மேல போட்டா நல்லாருக்காது மேரி."

அவள் தண்ணீருக்குக் கை நீட்டினாள். ஸ்டூலில் டம்ளர் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, அவள் விரல்கள் காற்றைத் துழாவின.

"சன்னலச் சாத்திட்டீங்களா? இருட்டிக்கிட்டு வருதே."

ஜன்னல் திறந்துதான் இருந்தது. உச்சி வெயில் கட்டில் மேல் அவளுடைய கால் வரைக்கும் விழுந்திருந்தது.

சின்னப்பராஜ் டம்ளரை எடுத்து அவள் வாயில் வைத்துக் கொடுத்தான். வாயோரம் வழிந்ததைத் துடைத்தான். பிறகு உட்கார்ந்து பச்சைச் சாய டியூபை அடியிலிருந்து மடக்கிப் பிதுக்கினான். பஞ்சைப் போட்டுவிட்டு விரலாலேயே எடுத்துத் தேய்த்தான். வரப்பு போனது. கிணறும் போனது. மரத்துக்கும் மலைக்கும் கீழே பச்சையைத் தவிர வேறெதுவும் இல்லை.

"இப்ப பாரு."

வெகுநேரம் பார்த்தாள்.

"ம். இப்பத்தான் தெரியுது." அவள் உதடு விரிந்தது. "அப்பா நடவு போட்டுட்டாருங்களா?"

"போட்டுட்டாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க."

சாயங்காலம் அவன் வீட்டுக் கிணற்றடியில் மண்ணெண்ணெய் தொட்டுக் கைச் சாயத்தைப் போக்கிக்கொண்டிருந்தபோது, உள்ளே கஞ்சி புகட்டிக்கொண்டிருந்த அவன் அக்கா மிக்கேலம்மாள், "தம்பி" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள்.

மறுநாள் காலை யாகப்பன் வந்தார். வேட்டி முழுக்கச் சேறு காய்ந்திருந்தது. மகளின் தலைமாட்டில் நின்றார். அழவில்லை. அவளுடைய நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, வெளியே போக வழி தெரியாதவர் போல ஜன்னலோரம் ஒதுங்கினார்.

"கெணத்துல ஆளு எறக்கியிருந்தேன் மாப்ள. இன்னும் ரெண்டடி போனா ஊத்து தட்டுப்படும்னாங்க. அதான் நேத்து வரல."

"தட்டுப்பட்டுச்சுங்களா மாமா?"

அவர் ஜன்னலில் காய வைத்திருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எந்தூரு?"

"நம்ம நெலந்தாங்க."

யாகப்பன் குனிந்தார். மலையைப் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது.

"கெணறு எங்க காணோம்?"

அவரே தேடினார். "இங்கதான இருக்கணும்" என்று இன்னும் காயாத பச்சையின் நடுவில் சுட்டுவிரலை வைத்தவர், அதை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"மேரி பாத்துச்சா இத?"

"பாத்துச்சுங்க."

"என்ன சொல்லுச்சு?"

"அப்பா நடவு போட்டுட்டாருன்னுச்சுங்க."

அவர் தலையை ஆட்டினார். ஒரு தடவை அல்ல, ரொம்ப நேரம்.

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபத்தை முடித்துத் தீர்த்தம் தெளித்தார். குழி வெட்டிய மண் கட்டி கட்டியாகக் கிடந்தது. ஆளுக்கொரு கட்டியை எடுத்துப் போட்டார்கள். பெட்டியின் மேல் விழுந்த ஒவ்வொன்றுக்கும் மிக்கேலம்மாள் திடுக்கிட்டாள். சின்னப்பராஜும் போட்டான்.

யாகப்பன் ஒரு கட்டியை எடுத்து, போடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். அவர் அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து நசுக்கினார். பொடியாகும் வரை தேய்த்தார். பிறகு குழியோரத்தில் மண்டியிட்டு, சத்தமே கேட்காதபடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்.

கையை விரித்தபோது, அவருடைய சுட்டுவிரல் நுனியிலிருந்த பச்சையில் மட்டும் செம்மண் ஒட்டிக்கொண்டிருந்தது.