மஞ்சள் அட்டைக்காரர்கள்

இதனால் குடும்ப உறுப்பினர்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், வரும் மாதம் ஏழாம் தேதி தொடங்கி ஏழு நாட்கள் நடைபெறவுள்ள கப்பல் பயணத்தில் அப்பா, அம்மா, மகள், மகன் ஆகிய நால்வரும் தினமும் மாலை ஏழு மணிக்கு ஒரே மேசையில் அமர்ந்து உணவருந்துவர். விலக்கு கோருவோர் தக்க காரணத்துடன் மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஏற்கப்பட மாட்டாது.

குடும்ப வாட்ஸப் குழுவில் வந்த அறிவிப்பு இது. குழுவில் இருப்பதே நான்கு பேர். அனுப்பியவர் அப்பா. பக்கத்து நாற்காலியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் இப்படித்தான் விஷயம் தெரிந்தது.

அப்பா உரிமம் வழங்கும் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருக்கு வைத்திருந்த பெயர் ‘திருப்பி’. எந்தப் படிவம் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். கையெழுத்தின் வால் கட்டத்தைத் தாண்டி ஒரு நூல் நீண்டிருந்தால் போதும். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் ‘காலமானார்’ என்று எழுதிக்கொண்டு வந்த ஒருவரிடம், அது பெயர் ஆகாது என்று விளக்கித் திருப்பி அனுப்பினார். மகனுடைய பள்ளிச் சேர்க்கைப் படிவத்தை வீட்டிலேயே மூன்று தடவை திருப்பினார். நான்காவது தடவை பையன் பிழையில்லாமல் எழுதி முடித்தபோது கடைசித் தேதி போயிருந்தது.

நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு ஒன்பது வருடம் ஆகிறது. அம்மாவின் பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் வந்திருந்த அன்று, சாப்பாட்டுக்கு நடுவில் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். பொருள் ஒன்று, மகளின் உடல் எடை. பொருள் இரண்டு, மகனின் விவாகரத்து, இதுவரை நடந்தவை. பொருள் மூன்றுக்கு வருவதற்குள் மேசையில் அம்மா மட்டும்தான் இருந்தாள். பொருள் மூன்று அவளைப் பற்றியது என்பதால் அப்பா தொடர்ந்து வாசித்தார்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் சேர்ந்து வருவதில்லை. மகள் வந்தால் மகன் வரமாட்டான். ரெண்டு பேர் சேர்ந்தால் அப்பாவுக்குக் கூட்டம் போட ஆள் தேறிவிடும் என்று இருவரும் தனித்தனியாக அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். ஒருவருக்கொருவர் பேச்சும் அப்படியே தேய்ந்துவிட்டது.

அப்பாவுக்கு இது உறைக்கவில்லை என்று சொல்ல முடியாது. வீட்டில் ஒரே மாதிரியான நான்கு தட்டுகள் இருந்தன. இரண்டு புழக்கத்தில். மற்ற இரண்டும் செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில். எப்போதாவது ஸ்டூல் போட்டு ஏறி, காகிதத்தைப் பிரித்துத் துடைத்துவிட்டு மறுபடியும் சுற்றி வைப்பார். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பாள். பிள்ளைகளுக்குப் போன் போட்டு, ‘எனக்காக ஒரே ஒரு தடவை வாங்க’ என்று அவள் கேட்டதற்கும் அந்தத் தட்டுகள்தான் காரணம்.

கப்பலைத் தேர்ந்தெடுத்தது அப்பா. நடுக்கடலில் யாரும் பாதியில் எழுந்து காரை எடுத்துக்கொண்டு போக முடியாது என்பது ஒரு வசதி. ஆனால் அது மூத்தவர்களுக்கான கப்பல். அறுபது வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை. மகளுக்கு நாற்பத்தொன்று, மகனுக்கு முப்பத்தெட்டு. படிவத்தை நான்கு நாள் ஆராய்ந்த அப்பா பன்னிரண்டாவது விதியில் ஒரு சந்து கண்டுபிடித்தார். உடல்நலம் குன்றிய பயணி ஒவ்வொருவரும் ஒரு உதவியாளரை அழைத்து வரலாம். உதவியாளருக்கு வயது வரம்பு இல்லை.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் படிவத்தில் பொய் தேடியவர், அன்றைக்குத் தன் கையால் இரண்டு எழுதினார். தனக்குத் தலைசுற்றல். மனைவிக்கு மறதி. கையெழுத்து கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

கப்பலில் ஏறும் வாசலிலேயே மகளுக்கும் மகனுக்கும் கழுத்தில் மஞ்சள் அட்டை மாட்டினார்கள். ‘உதவியாளர்’ என்று கொட்டை எழுத்தில். மகன் அட்டையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அப்பா கடலைப் பார்த்தார்.

விதி பன்னிரண்டைப் படித்தவர் பன்னிரண்டின் உட்பிரிவைப் படிக்கவில்லை. உதவியாளர்களுக்குச் சாப்பாடு கீழ்த்தளத்தில், தனிக் கூடத்தில். பயணிகளின் உணவகத்தில் அவர்களுக்கு அனுமதி இல்லை.

முதல் நாள் மாலை ஏழு மணிக்கு மேசை எண் பதினான்கில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்தார்கள். மீதி இரண்டு நாற்காலியில் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியையும் அவர் மனைவியையும் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். நீதிபதி தான் வழங்கிய தீர்ப்புகளை வருட வரிசைப்படி சொல்லத் தொடங்கி, மூன்றாவது வருடத்தில் கரண்டியைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். அவர் மனைவி கரண்டியை மட்டும் பக்குவமாக உருவி வைத்தார்.

பரிமாற வந்தவர் அம்மாவிடம் குனிந்து, குழந்தையிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திக் கேட்டார். “அம்மா, இப்ப எங்க இருக்கோம், தெரியுதா?”

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவினார். வெகுநேரம் தடவினார்.

அறைக்கு வந்து அவள் படிவத்தின் நகலை வாங்கிப் படித்தாள். முகப்பு மேசைக்குப் போய் உண்மையைச் சொல்லி மாற்றித் தரக் கேளுங்கள் என்றாள். அப்பா தலையாட்டினார். பொய்யாக எழுதிக் கொடுத்ததாகத் தன் வாயால் சொல்வதா, அதுவும் ஒரு குமாஸ்தாவிடம். நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

மேல்தளத்தில் மஞ்சள் அட்டைக்கு ஏக கிராக்கி. அறுநூறு முதியவர்கள், ஐம்பது சொச்சம் உதவியாளர்கள். மகன் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் பொறியாளர். காலையிலிருந்து சக்கர நாற்காலி தள்ளினான், காது மெஷினுக்குப் பேட்டரி மாற்றினான், தொலைந்துபோன பல்செட்டை நீச்சல் குளத்திலிருந்து மீட்டுக் கொடுத்தான். மகள் பல் மருத்துவர். அந்தப் பல்செட்டை உரியவருக்கு மாட்டிவிட்டது அவள்தான். மாட்டியதும் அவர் காலை நீட்டி, நகத்தையும் வெட்டிவிடச் சொன்னார். வெட்டினாள்.

இரண்டாம் நாள் அப்பா முகப்பு மேசைவரை போய், அங்கிருந்த துண்டுப் பிரசுரம் ஒன்றில் எழுத்துப்பிழை பார்த்துவிட்டுத் திரும்பினார். மூன்றாம் நாள் வரிசை நீளம் என்றார். வரிசையில் ஒரே ஒருவர் நின்றிருந்தார்.

நான்காம் நாள் அம்மாவே போனாள். எனக்கு மறதி எதுவும் கிடையாது, அவர் தப்பாக எழுதிவிட்டார் என்றாள். அப்படியானால் நீங்கள் யார் என்று குமாஸ்தா பெண் கேட்டாள். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், கண்ணாடி தேடிக் கொடுக்கிறேன், நாற்பத்துமூன்று வருடமாக அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள் அம்மா. அந்தப் பெண் சிரித்துவிட்டு இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினாள். படிவம் நிரப்ப வேண்டாமா என்று அம்மா கேட்டதற்கு, இதற்கு எதற்கம்மா படிவம் என்றாள்.

அன்று மாலை அம்மா கழுத்தில் அட்டையோடு அறையை விட்டுக் கிளம்பியதை அப்பா நம்பவில்லை.

“எங்க போற? நம்ம மேசை மேல்தளத்துல இருக்கு.”

“உங்க மேசை. உதவியாளுக்கெல்லாம் கீழதானே சாப்பாடு.”

“நீ எப்படி உதவியாளு? உனக்குத்தான் மறதின்னு…”

“மறதின்னு எழுதினீங்களே, ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க. நாற்பத்துமூணு வருஷத்துல ஒண்ணைக்கூட மறக்கல. அதுதான் என் வியாதி.”

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். அவள் எப்போதுமே அப்படித்தான் சாத்துவாள்.

நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் அப்பா நீதிபதியோடு சாப்பிட்டார். தீர்ப்புகள் பதினோராவது வருடத்தை எட்டியிருந்தன. பக்கத்து நாற்காலியில் நீதிபதி மனைவி தன் கைப்பையை வைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் ஏழு மணிக்கு அப்பா பதினான்காம் மேசைக்குப் போகாமல் மாடிப்படி இறங்கினார். ஐந்து தளம். தலைசுற்றல் பயணி ஒருவரும் இத்தனை வேகமாக இறங்கியதில்லை. சட்டைப் பையில் காகிதம் எதுவும் கொண்டுபோகவில்லை. அறையிலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

கீழ்க்கூடம் சமையலறையை ஒட்டி இருந்தது. நீளமான ஒரே மேசை, தகரத் தட்டுகள், நர்சுகள், வீட்டு வேலைக்காரர்கள், யாரோ ஒருவருடைய மருமகன். நடுவில் மகன் எழுந்து நின்று, கையில் சாப்பாட்டுப் பட்டியலை விறைப்பாகப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

“பொருள் ஒன்று, சூப். பொருள் இரண்டு, சூப் தாமதமானது குறித்து இதுவரை நடந்தவை. பொருள் மூன்று, அக்கா ரெண்டாவது தடவை சூப் வாங்கியது குறித்து விளக்கம் கோரல்.”

“திருப்பி அனுப்புடா அதை, கையெழுத்து இல்ல,” என்றாள் மகள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பது அப்பாவுக்குப் புதுச் செய்தி.

முதலில் பார்த்தவன் மகன்தான். பட்டியலைக் கீழே வைத்தான். சிரிப்பு அடங்கியது. ஆனால் அவன் முகத்தைக் கடுமையாக்கிக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டான்.

“வாங்கப்பா. உக்காருங்க.”

மகள் ஒரு தட்டை எடுத்து அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். நான்காவது தட்டு. அம்மா தண்ணீர் டம்ளரை மட்டும் அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

அப்பா ஒரு கால் எடுத்து வைத்தார். வாசலுக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. ‘உதவியாளர்கள் மட்டும்.’ அதை வாசித்தார். அவர் வாழ்க்கையில் எந்தப் பலகையையும் வாசிக்காமல் தாண்டியதில்லை, வாசித்த பின் மீறியதும் இல்லை.

“போர்டு போட்டிருக்கான்,” என்றார்.

“யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கப்பா,” என்றான் மகன்.

“அது சரி. இருந்தாலும் போர்டு இருக்குதே.”

எல்லோரும் காத்திருந்தார்கள். எடுத்து வைத்த காலை அப்பா பின்னால் வைத்தார். நாளைக்கு முகப்பு மேசையில் முறைப்படி அனுமதி வாங்கிவிட்டு வருவதாகச் சொன்னார். நாளைக்குக் காலை கப்பல் கரை சேர்கிறது என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

“அம்மா,” என்றாள் மகள், தட்டைத் திரும்ப எடுத்தபடி. “அப்பா அப்பாவையே திருப்பி அனுப்பிட்டாரும்மா.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை இறங்கும் வரிசையில் ஆளுக்கொரு கருத்துப் படிவம் கொடுத்தார்கள். உதவியாளர்களுக்கு அது தேவையில்லை என்பதால் மற்ற மூவரும் முன்னால் போய்விட்டார்கள். அப்பா தன் பேனாவை எடுத்து, சுவரில் வைத்து, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். உணவு: திருப்தி. அறை: திருப்தி. உடன் வந்த உதவியாளர்கள் எத்தனை பேர்: மூன்று. உடன் வந்த குடும்பத்தினர் எத்தனை பேர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

குமாஸ்தா பெண் வாங்கிப் பார்த்தாள். படிவத்தில் பிழை எதுவும் இல்லை.