கோல் கம்பத்துக்குள் ஒரு மேடை

மகளிர் தின விழாவுக்கு மேடை போட இடம் தேடியபோது, நற்பணி மன்றத் தலைவர் டைட்டஸின் கண்ணில் கோல் கம்பம் பட்டது. மணல் மைதானத்தின் கடலோரப் பக்கத்தில் அது சும்மாதான் நின்றுகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வாழையைக் கட்டிவிட்டால் அலங்கார வளைவு. அதற்குப் பின்னால் மேடை. கோலில் கட்டியிருந்த பழைய மீன்வலையை மட்டும் அவிழ்க்கச் சொன்னார். வலைக்குப் பின்னால் உட்கார்ந்தால் வீடியோவில் பிரமுகர்கள் பிடிபட்ட சாளை மீன் மாதிரி தெரிவார்கள் என்று அவருக்கே தோன்றியிருந்தது.

மேடைக்குப் பின்னே ‘பெண்மையே, உன்னை வணங்குகிறோம்’ என்று ஃபிளெக்ஸ் தொங்கியது. அதில் வணங்குகிறவர்களின் படம் வரிசையாக இருந்தது. பெண் என்று ஒருத்திதான், அவளும் இணையத்திலிருந்து இறக்கிய வடநாட்டுக்காரி, மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிரிஜா கையுறையை மாட்டிக்கொண்டு மைதான ஓரத்தில் நின்றாள். அவள் ஊர்ப் பெண்கள் அணியின் கோல்கீப்பர். பேச்சு முடிந்ததும் மணவாளக்குறிச்சி அணியோடு ஆட்டம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. பேச்சு முடிகிற குறியைத்தான் காணவில்லை.

அவளுக்கு அவசரம் இருந்தது. கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் ஞானம் டீச்சர் அவள் ஆட்டத்தைப் பார்க்கவென்றே வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கே கோல்கீப்பருக்கு ஒரே ஓர் இடம், படிப்பும் விடுதியும் இலவசம். அது கிடைக்காவிட்டால் தக்கலை ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடுகிற வேலை. மாமா சொல்லி வைத்தாயிற்று. டீச்சருக்கோ சாயங்காலம் நாகர்கோவிலில் ரயில். ஆட்டோவை வரச் சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் பெயர் சொல்லி, பட்டம் சொல்லி, ‘அவர்களே’ போட்டு முடிப்பதற்குள் சோடா தேவைப்பட்டது. பிறகு பொன்னாடை. பெண் என்று மேடையில் இருந்தது வார்டு உறுப்பினர் பிளஸ்ஸி மட்டும். அவர் பெயரைக் கூப்பிட்டபோது அவருடைய கணவர் எழுந்து போய்ப் பொன்னாடையை வாங்கிக்கொண்டார்.

பிரிஜா மேடையடியில் போய் நின்றாள். “சாரே, டீச்சருக்கு வண்டி போயிரும். ஆட்டத்த தொடங்கலாமா?”

“கொஞ்சம் நில்லு மக்கா. ஒங்களப் பத்தித்தான பேசிட்டிருக்கோம்” என்றார் டைட்டஸ்.

பெண்கள் கூட்டத்திலிருந்து பிரிஜாவின் அம்மா ஜெபமணி எழுந்தாள். சந்தையில் மீன் விற்கிற தொண்டை, மைக் வேண்டாம். “நீங்க பாட்டுக்குப் பேசுங்க, அவளுவ பாட்டுக்கு வெளையாடட்டும். ரெண்டும் சேந்து நடந்தா கடல் வத்திருமா?”

கூட்டம் சிரித்தது. டைட்டஸும் பெருந்தன்மையாகச் சிரித்தார். பேசும்போது முன்னால் பெண்கள் ஓடினால் வீடியோவுக்கும் நன்றாக இருக்கும். “சரி, நடக்கட்டு. பொம்பளப் பிள்ளையளுக்க அடி இஞ்ச வரைக்கும் எங்க வரப்போவுது?”

அதை மைக்கிலேயே சொன்னார். எதிரணி நந்தனாவுக்கு அது கேட்டது.

விசில் ஊதியதும் அவள் அடித்த முதல் பந்து பாதி மைதானத்தைத் தாண்டிச் சீறி வந்தது. மேல் கம்பத்தைத் தாண்டித் தட்டிவிடுவதற்காகப் பிரிஜா எம்பினாள். எம்பிய நொடியில்தான் நினைவு வந்தது, பின்னால் வலை இல்லை, பிரமுகர்கள் இருக்கிறார்கள். கையை மடக்கிப் பந்தை நெஞ்சோடு அணைத்து மணலில் விழுந்தாள்.

“பெண்களைப் பாதுகாப்பது ஆண்களாகிய நம் கடமை…” டைட்டஸ் தொண்டையைச் செருமினார். “நம் கடமை என்று சொல்லிக்கொண்டு…”

அடுத்த பந்து தாழ்வாக வந்தது. அதையும் பிடித்தாள். அதன்பின் மேடையில் பேச்சை யாரும் கேட்கவில்லை. நந்தனா காலைத் தூக்கும்போதெல்லாம் பொன்னாடைகள் ஒன்றாகக் குனிந்தன. பந்து பிரிஜாவின் கையில் அடங்கியதும் நிமிர்ந்து கைதட்டின. மகளிர் விளையாட்டுக்கு அந்தக் கரையில் அப்படியொரு மனப்பூர்வமான ஆதரவு அதுவரை கிடைத்ததில்லை.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாற வேண்டும். பிரிஜா எதிர்க் கோலுக்கு நடந்தபோது டைட்டஸ் மைக்கைப் பிடித்தார். “பிரிஜா மாறாண்டாம்! அவ இஞ்சயே நிக்கட்டு.”

நடுவர் ஓடிவந்தார். “சாரே, அது சட்டமாக்கும்.”

“இருக்கட்டும்வே. அந்தக் கோலுல நிக்கிற பிள்ளையும் நல்ல பிள்ளைதான். ஆனா எங்களுக்குப் பழக்கமில்ல.”

எதிர்க் கோலில் முழு வலை இருந்ததால் மணவாளக்குறிச்சி கோல்கீப்பரும் அங்கேயே நிற்கச் சம்மதித்தாள். அணிகள் பக்கம் மாறாமலே ஆட்டம் தொடர்ந்தது. பிரிஜாவின் அணி ஒரு கோல் போட்டது. கடைசி நேரத்தில் பிரிஜாவின் கோலுக்கு முன்னால் அவள் அணிப் பெண் ஒருத்தியின் கையிலேயே பந்து பட்டது. நடுவர் பெனால்டி கொடுத்தார்.

“மகளிர் தினத்துல என்ன பெனால்டி!” என்றார் டைட்டஸ். நடுவர் அசையவில்லை. நந்தனா பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தாள். அவள் நடக்க நடக்க மேடை காலியாயிற்று. பிளஸ்ஸியின் கணவர்தான் முதலில் குதித்தார். டைட்டஸால் முடியவில்லை, கழுத்தில் கிடந்த பொன்னாடைகளில் ஒன்று மைக் கம்பியில் சுற்றிக்கொண்டது.

பிளஸ்ஸி மட்டும் நாற்காலியை விட்டு எழும்பவில்லை. பக்கத்தில் தொங்கிய மைக்கை எடுத்தார். “ஏட்டி பிரிஜா, நீ பிடி. நான் இருக்கேன்.” அன்று மேடையில் ஒரு பெண் பேசியது அவ்வளவுதான்.

நந்தனா வலது மூலைக்கு அடித்தாள். பிரிஜா பறந்தாள். பந்து விரல் நுனியில் பட்டது. தட்டிவிட்டால் போதும், கோல் இல்லை. ஆனால் பிளஸ்ஸி அக்கா உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு கையையும் கொண்டுவந்து பந்தைக் கவ்விக்கொண்டே விழுந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் ஞானம் டீச்சர் ஆட்டோவில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். “எந்தப் பந்தையும் நீ வெளியே தட்டவே இல்லையே, ஏன்? ஒவ்வொண்ணையும் பிடிச்சே ஆகணும்னு யார் சொல்லிக்கொடுத்தா?”

“பின்னால ஆளு உண்டுல்லா டீச்சர்.”

டீச்சர் மேடையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் சிரிப்பை அடக்கினார். “ஜூன்ல வந்து சேரு. அங்கே பின்னால வலைதான் இருக்கும். தைரியமா தட்டிவிடலாம்.”

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. பிரிஜா அந்தரத்தில், அவளுக்குப் பின்னால் டைட்டஸ் இரண்டு கையையும் தூக்கியபடி. ‘வீராங்கனைக்குப் பின்னால் நின்று ஊக்கமளித்த மன்றத் தலைவர்’ என்று போட்டிருந்தது.

“உள்ளதைத்தான போட்டிருக்கான்” என்றாள் ஜெபமணி, மீன் சருவத்தைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே. “பின்னாலதானே நின்னாரு.”

“எங்கம்மா நின்னாரு?” என்றாள் பிரிஜா. “பிளஸ்ஸி அக்காவுக்க நாற்காலிக்குப் பொறத்த குத்தவச்சு இருக்காரு, நல்லாப் பாரு.”